அம்மாவை ஏற்றிப் போகும் கார்

டிசம்பர் 3, செவ்வாய்

டாஷ்போர்டில் சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் மறுபடியும் எரிந்தது. மேட்டிலிருந்து பாதிதான் இறங்கியிருந்தோம். அம்மா பின் சீட்டில் படுத்திருந்ததால் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பாள்?

இந்தக் கார் ஜப்பானில் ஓடி ஓய்ந்த பிறகு உலான்பாத்தருக்கு வந்தது. ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் உள்ளே ஒரு ஜப்பான்காரி ஏதோ சொல்வாள். எங்கள் யாருக்கும் புரியாது. அம்மா மட்டும், "சரிம்மா, சரி, பாத்துப் போறோம்" என்று பதில் சொல்வாள். இன்று சொல்லவில்லை.

எப்படியோ ஆஸ்பத்திரி வரை வந்துவிட்டோம். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும். இரண்டு தவறினால் மூச்சு வாங்கும். அதற்கு மேல் எழுத மாட்டேன். பஸ் மேட்டின் அடியிலேயே நின்றுவிடும், அங்கிருந்து வீடு வரை உறைபனிச் சரிவு. அம்மாவால் தண்ணீர் பிடிக்கும் இடம் வரைகூட நடக்க முடியாது. அப்பா விட்டுப்போனது நாங்கள் குடியிருக்கும் வட்டக் கூடாரமும் இந்தக் காரும்தான்.

டிசம்பர் 4, புதன்

எங்கள் கார் நம்பருக்கு நகரத்தில் புதன்கிழமை தடை. தெருவில் எடுத்தால் அபராதம். அதனால் மேட்டடியில் கன்டெய்னருக்குள் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் கன்சோரிக் அண்ணனே மேலே வந்தார். பின் சீட்டைத் தூக்கி, பேட்டரியைத் திறந்தார். பழைய கார்களிலிருந்து கழற்றிய செல் இரண்டை நடு வரிசையில் மாற்றிப் போட்டார்.

"இது பாதி பெட்ரோலு, பாதி பேட்டரி, தங்கச்சி. பேட்டரிக்குள்ள ஒரு கூட்டமே கை கோத்து நிக்குது. ஒருத்தன் மயங்கினா மொத்தப் பேரும் சாஞ்சிடுவாங்க."

"புதுசா மொத்தமா போட்டா?"

"போடலாமே. கூடாரத்தை வித்துட்டு கார்ல குடியிருங்க."

சிரித்தேன். அவர் போன பிறகுதான் அது சிரிக்கக்கூடியது இல்லை என்று தோன்றியது.

டிசம்பர் 12, வியாழன்

அம்மாவை உள்ளே விட்டுவிட்டு, ரொட்டி பேக்டரி வேலைக்குப் போகிற வழியில், பெட்ரோல் காசு சேர்க்க, கை நீட்டுகிறவர்களை ஏற்றுகிறேன். ஊரே அப்படித்தான் செய்கிறது. எனக்கு மட்டும் எங்கே இறங்கவேண்டும் என்று கேட்கக்கூடக் கூச்சம். இன்று ஒரு தடித்த மனிதர் ஏறியதும் கேட்டார்: "ஏம்மா, இது என்ன இருமுது, காரா நீயா?"

கார்தான் என்று சொல்லியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டேன். எதற்கு?

டிசம்பர் 21, சனி

குளிர் மைனஸ் முப்பத்தைந்துக்குக் கீழே போய்விட்டது. டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும்போது அம்மாவின் உடம்பில் சூடே இருப்பதில்லை. உதடு நீலம். பெரிய ஆட்டுத்தோல் இரண்டையும் பின் சீட்டு முழுக்க, கதவோரம் வரை இடுக்கில்லாமல் செருகி விரித்தேன். மேலே கம்பளி. ஹீட்டரை முழுதாகத் திருப்பினேன். அம்மா உள்ளே சுருண்டுகொண்டு, "ஆட்டு வயித்துக்குள்ள இருக்கிற மாதிரி இருக்குடி" என்றாள். வெகு நாள் கழித்து அவள் தூங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

டிசம்பர் 24, செவ்வாய்

முக்கோணம். மேட்டில் பின்னால் வழுக்கினோம். வேலி தடுத்தது.

டிசம்பர் 26, வியாழன்

பக்கத்துப் படுக்கை யாஞ்மா அக்கா முன்பு டிராலி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கையில் ஊசியோடு கிடக்கும்போதும் வார்டு முழுக்க அவர் குரல்தான். இன்று நான் அரை மணி தாமதமாக அம்மாவைக் கொண்டுவந்து நர்ஸிடம் திட்டு வாங்கிக்கொண்டு நின்றபோது, "ஏ வாயில்லாப் பூச்சி! கார் நின்னுபோச்சுன்னு சொல்லேன். உன் வாயில என்ன, பனி உறைஞ்சு கெடக்கா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸும். வேதியியல் பட்டம் வாங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம். ஒரு வாக்கியம் வாயிலிருந்து வரவில்லை.

ஜனவரி 4, சனி

மறுபடியும் இரண்டு செல். அதே நடு வரிசை.

ஜனவரி 9, வியாழன்

இன்று கார் கிளம்பவே இல்லை. மேட்டில் யாரிடமாவது கேட்டிருக்கலாம். எதிரே வேலி போட்ட மனையில் இருப்பவரிடம் ஜீப் இருக்கிறது. அவருடைய வாசல் வரை போனேன். நாய் குரைத்தது. "நாயைப் பிடிங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், எந்த வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். குரல் வரவில்லை. திரும்பி வந்தேன். வந்து அம்மாவிடம், அவர் இல்லை என்றேன்.

அம்மா இன்று போகவில்லை. என்னால்.

ஜனவரி 10, வெள்ளி

கன்சோரிக் அண்ணன் தலையைச் சொறிகிறார். "நல்ல செல்லுதான் போட்டேன். மாசம்கூடத் தாங்கல. எப்பப் பாரு நடுவுல இருக்கறதே போகுது. நடுவுல சூடு ஜாஸ்தியா இருக்கும், அது சரி... இந்தக் குளிர்ல ஏது சூடு?"

நாளை காலைக்குள் எப்படியாவது ஓட வைத்துத் தருவதாகச் சொன்னார். அம்மாவின் கால் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

நேற்று போய் வந்துவிட்டோம். நர்ஸ் என்னைத் திட்டவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

இன்று ஆட்டுத்தோல்களை வெளியே எடுத்து, தூசு போகப் பனியில் போட்டு அடித்தேன். திரும்பி வந்து பார்க்கிறேன், பின் சீட்டின் ஓரத்தில், கதவுப் பக்கம், சன்னமான கம்பி வைத்த ஒரு ஜன்னல். இதுநாள்வரை பார்த்ததில்லை. கம்பி முழுக்க ஆட்டு மயிர். விரலை விட்டு இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. உள்ளே மின்விசிறி.

பேட்டரி மூச்சு விடுகிற வாய் அது. காருக்குள் ஹீட்டர் வேறு எரிகிறது.

நான்தான். இடுக்கில்லாமல் செருகினேனே, நான்தான்டி. அம்மாவுக்குக் குளிரக்கூடாதுன்னு ஒவ்வொரு செல்லா மூச்சுமுட்ட வச்சு... ஐயோ. எதைத் தொட்டாலும் இப்படியா? சீட்டில் உட்கார்ந்து அழுதேன். அம்மாவுக்குக் கேட்காமல்.

ஜனவரி 13, திங்கள்

கன்சோரிக் அண்ணனிடம் அந்த மயிரைக் கொண்டுபோய்க் காட்டினேன். எழுந்து அவருடைய காருக்கு ஓடினார். அதே மாடல். பின் கதவைத் திறந்து சிரித்துக்கொண்டே கத்தினார்: "அடிப்பாவி மாமியாரே! கல்யாணத்துக்குக் குடுத்த தோலு! என் பேட்டரியைக் கொல்லத்தான் குடுத்தியா!"

பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். எங்கள் மின்விசிறியைக் கழற்றினார். மயிர் தொப்பிபோல இறுகிக் கிடந்தது. சுத்தம் செய்து மாட்டினார். ஆனால் செல் பாதிக்கு மேல் உப்பிவிட்டன.

"பொய் சொல்ல மாட்டேன், தங்கச்சி. இது இன்னும் கொஞ்ச நாளு. பின்னாடி எதையும் விரிக்காதீங்க."

ஜனவரி 16, வியாழன்

இப்போது அம்மா முன் சீட்டில், என் பக்கத்தில், தோலை உடம்போடு சுற்றிக்கொண்டு உட்கார்கிறாள். பின்னால் படுத்திருந்தவரை என் முகம் அவளுக்குத் தெரியாது. இன்று வழியெல்லாம் அந்த முக்கோணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சயா, வண்டியை வித்துடு."

"வித்துட்டு எதுல போவ?"

"போகல."

முன் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்தேன்.

"உங்கப்பா இருந்தா ஒத்துக்குவாரு. ரொட்டி பேக்டரில உனக்கு நல்ல வேலை. தினமும் லேட்டாப் போய் நிக்கிற. நான் ஒருத்தி படுத்துக்கிட்டு உன்னைக் குடிச்சிட்டிருக்கேன். போதும்டி."

ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ரோடு தெரியவில்லை. வாயை மூடும்மா என்றேன். அம்மாவிடம் அப்படிப் பேசியதே இல்லை. அவள் மூடிக்கொண்டாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அந்த மௌனத்தில்தான் தெரிந்தது.

ஜனவரி 23, வியாழன்

கார் செத்துவிட்டது. மேட்டில் இல்லை, நடு நகரத்தில், சிக்னலில். முக்கோணம், பிறகு எல்லா விளக்கும், பிறகு ஒன்றுமில்லை. பின்னால் நூறு ஹார்ன். கை நீட்டிக்கொண்டு ரோட்டில் நின்றேன். கார்கள் மெதுவாக வரும், அம்மாவின் முகத்தைப் பார்க்கும், போய்விடும். ஏற்றியபிறகு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் அவர்களுக்கு. அம்மா என் சட்டையைப் பிடித்து, "பாத்தியா? விடு, வீட்டுக்குப் போலாம்" என்றாள். சிரித்த முகமாக. ஏதோ முடிந்துவிட்ட நிம்மதிபோல.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குள் என்ன ஆனது என்று தெரியாது. அடுத்து வந்த கார் முன்னால் போய் நின்று பானட்டில் அடித்தேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. ஓட்டியவன் பயந்துபோய்க் கதவைத் திறந்தான்.

ஜனவரி 25, சனி

இன்றைக்கு எதிர் வேலிக்காரரின் ஜீப். கேட்டேன், கொண்டுவந்து விட்டார். ஆனால் வாரம் மூன்று முறை எத்தனை நாள் அவரை அழைக்க முடியும்?

வார்டில் அம்மா கண்ணை மூடியிருந்தாள். யாஞ்மா அக்காவின் வீடும் வேலி போட்ட மனையும் ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில்தான். மெஷினிலிருந்து விடுபட்டதும் நடந்தே வீட்டுக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான். அவருடைய படுக்கை அருகில் போய் நின்றேன். வெகு நேரம்.

"என்ன வாயில்லாப் பூச்சி, என் மெஷினு வேணுமா?"

"அக்கா, உங்க வேலிக்குள்ள ஒரு கூடாரம் போட இடம் இருக்குமா?"

அவர் என்னையே பார்த்தார். அவர் குரலைத் தணித்துப் பேசியது அதுதான் முதல் முறை. "எங்க நாய் கடிக்கும். என் பசங்க குறட்டை விடுவாங்க. கக்கூஸ் வேலியோரத்துல, சறுக்கிக்கிட்டுதான் போகணும்."

"பரவாயில்லைக்கா."

"அப்ப இதுக்குப் போயி ஏன் தந்தி வந்த மாதிரி மூஞ்சி? உங்கம்மாவை எழுப்பு. நான் சொன்னாத்தான் கேப்பா."

அம்மா முடியாது என்றாள். அக்கா விட்ட வசையில் பாதியை இங்கே எழுத முடியாது.

பிப்ரவரி 2, ஞாயிறு

கூடாரத்தைப் பிரித்தோம். அப்பா கட்டிய முடிச்சுகள் உறைந்து கிடந்தன, கெட்டிலில் வெந்நீர் ஊற்றி அவிழ்த்தேன். கன்சோரிக் அண்ணன் லாரி கொண்டுவந்தார். வாடகைக்குப் பதில், சிக்னலிலிருந்து அவரே இழுத்து வந்து எங்கள் வாசலில் நிறுத்திய காரை உதிரிபாகத்துக்கு எடுத்துக்கொள்கிறார். "இன்ஜின் இன்னும் குதிரை" என்றார், யாரையோ சமாதானப்படுத்துவதுபோல.

வழி நல்லபடியாக அமைய, வழக்கப்படி அம்மா லாரி டயர்களுக்குப் பால் தெளித்தாள். பிறகு, எங்கும் போகாத காரின் டயர்களுக்கும் தெளித்தாள்.

எங்கள் இடத்தில் ஒரு வட்டம் மட்டும், பனி படாத மண்ணாக.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஆஸ்பத்திரி வாசல் வரை என் தோளில் சாய்ந்து நடந்தாள். வழியில் பல முறை நின்றாள். நின்ற இடத்திலெல்லாம் வண்டியை ஏன் விற்றாய் என்று என்னைத் திட்டினாள்.

மார்ச் 11, செவ்வாய்

பேக்டரியில் விடியும் முன்பே கூப்பிட்டுவிட்டார்கள், ஒரு மாவு வண்டி முழுவதும் பரிசோதனைக்கு நின்றது. அம்மாவை அழைத்துப்போகக் காலையில் கிளம்ப முடியவில்லை. போனும் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. சாயங்காலம்தான் ஓடி வந்தேன். கூடாரத்தின் புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே அம்மா, கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சுக் கட்டுடன், அடுப்பு முன்னால் உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"யாரும்மா கூட்டிட்டுப் போனது?"

"யாரு கூட்டிட்டுப் போகணும்? காலைல போனேன், வந்தேன்." மாவை உருட்டினாள். "கதவைச் சாத்து, குளிருது."