மூன்றாம் மாடிக் கூடை

வூச்,
ஜூன் 2

அன்பு நுன்சியா,

நலம்தானே? போனில் பேசினால் நான் பேசும் இத்தாலிய மொழியைக் கேட்டுச் சிரித்தே பொழுதைப் போக்கிவிடுவாய். எழுதினால் தப்பைத் திருத்தி வாசித்துக்கொள்வாய். அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

நாங்கள் கிளம்புகிறோம்! கல்யாணமாகி நான்கு வருடத்தில் ராதெக்கின் அக்கா வீட்டு உருளைக்கிழங்குத் தோட்டத்தைத் தவிர எங்கேயும் போனதில்லை. சூப்பர்மார்க்கெட்டில் எனக்கும், கிடங்கில் அவனுக்கும் ஒரே நேரத்தில் விடுப்பு கிடைத்ததே அதிசயம். எல்லாம் பஸ்தான். புடாபெஸ்ட், லுப்லியானா, கடைசியாக நாப்போலி. ரிமினி ஹோட்டல் சலவை அறையில் இரண்டு கோடைகாலம் ஈர விரிப்புகளை மடித்தபடி உன் ஊரைப் பற்றி என் காதில் ஓதிக்கொண்டே இருந்தாயே, அதைப் பார்க்காமல் விடுவேனா?

உன் சந்திலேயே தங்கவேண்டும் என்று இணையத்தில் தேடினேன். ஒரே ஒரு வீடுதான் காட்டியது. மூன்றாம் மாடி, பால்கனியோடு, நம்ப முடியாத மலிவு. அப்போதே பிடித்துவிட்டேன். உன்னால் இரண்டு நாள் வர முடியாதா?

உன்
யாகோதா


ரிமினி,
ஜூன் 4

யாகோதாக் கண்ணே,

எங்கள் சந்தில் சுற்றுலா வீடா? மீன் நாற்றத்தையும் காசு கொடுத்து வாங்குகிறீர்களா? எந்தப் பாவி எந்த மாடியைக் காலி செய்து ஆரம்பித்தானோ. போகட்டும், நீ போவதில் எனக்குச் சந்தோஷம்.

நான் வர முடியாது. செப்டம்பர் வரை ஒப்பந்தம், நடுவில் ஒரு நாள் போனாலும் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். ஆனால் நீ எனக்காக ஒன்று செய்யவேண்டும். என் அம்மாவைப் பார்.

மனசு சரியில்லை, யாகோதா. அம்மா என்னை வீட்டுக்கு வரவிடுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றேன். “வெள்ளையடிக்கிறாங்கடி, படுக்க எடமில்ல” என்றாள். ஈஸ்டருக்குக் கேட்டேன். “குழாய் ஒடைஞ்சு தரையத் தோண்டிப் போட்டிருக்கு, வந்து என்ன பண்ணப் போற?” என்கிறாள். போன் செய்தால் எடுக்கிறாள், சிரிக்கிறாள், எதையோ மறைக்கிறாள். உடம்புக்கு ஏதாவதா? என்னிடம் சொல்லமாட்டாள். நீ பார்த்து உள்ளதை உள்ளபடி எழுது.

எங்கள் சந்தில் கதவு எண்ணைச் சொல்லி யாரையும் தேட முடியாது. தையற்காரி தித்தீனா என்று கேள், குழந்தைகூடக் காட்டும். நீ வருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எந்தத் தேதி, எத்தனை நாள் என்று கேட்டாள். பிறகு, “வரட்டும், உருளைக்கெழங்கு போட்டு பாஸ்தா செஞ்சு தரேன்” என்றாள்.

நுன்சியா


லுப்லியானா,
ஜூன் 11

அன்பு நுன்சியா,

கால் வீங்கி, மூக்கு தோலுரிந்து, மகாராணியைப் போல இருக்கிறேன்.

புடாபெஸ்டில் எண்ணெயில் பொரித்த ஒரு ரொட்டி, மேலே பூண்டும் புளித்த பாலாடையும். ராதெக் மூன்று தின்றுவிட்டு ஆற்றங்கரையில் படுத்துவிட்டான். நாடாளுமன்றத்தைக் காட்டினால், “இதுக்கு யாரு ஜன்னல் தொடைக்கிறாங்க?” என்று கேட்கிறான். இங்கே லுப்லியானாவில் ஊரே ஒரு பொம்மை வீடு. காலையில் சந்தைக்குப் போய் செர்ரிப் பழம் வாங்கி, பாலத்தின் மேல் உட்கார்ந்து கொட்டையை ஆற்றில் துப்பினோம். மதியச் சாப்பாடு எங்கள் பையிலிருந்துதான். மாமியார் கட்டிக்கொடுத்த புகையிட்ட தொத்திறைச்சி இன்னும் பாதி இருக்கிறது. கடை வாசலில் நின்று அதைச் சீவித் தின்றால் ஜனங்கள் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

வாழ்க்கையில் முதல் தடவையாக என் படுக்கையை வேறு யாரோ விரிக்கிறார்கள், நுன்சியா. அது எப்படி இருக்கிறது தெரியுமா?

யாகோதா


நாப்போலி,
ஜூன் 14

நுன்சியா,

முதலில் உட்கார். உன் அம்மா உன்னிடம்தான் இருக்கிறாராமே?

நேற்று மதியம் வந்து சேர்ந்தோம். பையை வைத்த கையோடு கீழே இறங்கி, வறுத்த பீட்சா விற்கும் அசுன்தாவிடம் தையற்காரி தித்தீனா வீடு எது என்று கேட்டேன். அவள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“தித்தீனாவா? அவ மக கிட்டப் போயி ஏழு மாசமாச்சும்மா. ரிமினில நல்லா கடல்காத்து வாங்கிட்டு இருப்பா.”

“அவ மகதான் என்னை அனுப்பினா” என்றேன்.

அவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, “அப்ப எனக்கென்ன தெரியும்? பீட்சா வேணுமா வேணாமா? பின்னால ஆளு நிக்குதில்ல” என்று எரிந்து விழுந்தாள். மீன்காரரிடம் கேட்டேன். அவரும் “மக வீடு” என்றார். எதிர் வீட்டுப் பெண் நான் கேட்டு முடிப்பதற்குள் ஜன்னலைச் சாத்தினாள்.

நீ என்னிடம் விளையாடுகிறாயா, இல்லை அவர்கள் விளையாடுகிறார்களா? உடனே எழுது.

யாகோதா


ரிமினி,
ஜூன் 15

யாகோதா,

அம்மா இங்கே இல்லை. இங்கே வந்ததே இல்லை.

காய்கறிக் கிடங்கில் ஒளிந்து நின்று அவளுக்குப் போன் செய்தேன். பத்தரை மணி இருக்கும்.

“அம்மா, எங்க இருக்க?”

“எங்க இருப்பேன்? என் பால்கனிலதான் நிக்கிறேன்.”

“நீ ரிமினிக்குப் போயிட்டேன்னு சந்துல சொல்றாங்களே?”

“அவங்களுக்கு வேற வேலையில்ல. இந்தா, நீயே கேளு.” போனை வெளியே நீட்டினாள் போலிருக்கிறது. அசுன்தா விலை கூவுவதும், ஒரு ஸ்கூட்டர் போவதும் தெளிவாகக் கேட்டது. அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள் நான், ஏமாறமாட்டேன். அவள் அங்கேதான் நிற்கிறாள்.

சந்து முழுக்கப் பொய் சொல்கிறது, ஏன் என்று தெரியவில்லை. தயவுசெய்து தேடு. நிமிர்ந்து ஒவ்வொரு பால்கனியாகப் பார்.

நுன்சியா


நாப்போலி,
ஜூன் 16

அன்பு நுன்சியா,

எல்லாப் பால்கனியையும் பார்த்தாயிற்று. துணிதான் தொங்குகிறது. யாரும் வாய் திறக்கவில்லை. நாளை பஸ் ஏறவேண்டும்.

போதாததற்கு எங்களுக்கும் இங்கே ஒரு தொல்லை. வீடு அழகுதான். படுக்கையறைத் தரை ஓட்டில் ஏதோ கனமான பொருள் வருடக்கணக்கில் நின்ற மாதிரி நான்கு பள்ளம். பால்கனிக் கம்பியில் ஒன்று வளைந்திருக்கிறது. குளிர்பெட்டி மட்டும் பாட்டுப் பாடுகிறதே தவிரக் குளிர்வதில்லை. பால்கனியில் கயிறு கட்டிய ஒரு பிரம்புக் கூடை தொங்குகிறது. சந்தில் வெயிலே இறங்காததால் அங்கே நல்ல குளுமை. பனிக்காலம் முழுக்க என் மாமியார் இறைச்சியை ஜன்னலுக்கு வெளியேதானே தொங்கவிடுகிறார்? நானும் தொத்திறைச்சியைக் காகிதத்தில் சுற்றி அந்தக் கூடையில் வைத்தேன். சுத்தம் செய்ய வரும் கிழவி போனதும் பார்த்தால், கூடை காலி! மறுநாள் பாலாடைக்கட்டியும் அவித்த முட்டையும் வைத்தேன். அதுவும் காலி. மேசையில் யாரோ தின்று மிச்சம் வைத்த மாதிரி ஒரு தட்டு பாஸ்தா, துணி போட்டு மூடி. ராதெக் அருவருப்பாகிக் கொட்டிவிட்டான்.

அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள். வந்த அன்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், என் சட்டைக் கையைத் தொட்டாள். எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. “பஸ்ஸுல வந்தவங்கன்னா இளக்காரமா? பணக்காரன் பையில கை வைப்பாளா?” என்று ராதெக் கத்தினான். அதுவும் சரிதானே. திருட்டு என்று உரிமையாளருக்கு எழுதிப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் மன்னிப்புக் கேட்டு, ஒரு நாள் வாடகையையும் திருப்பிவிட்டார். இன்று வேறொரு சின்னப் பெண் வந்தாள்.

உன் செய்திக்குக் காத்திருக்கிறேன்.

யாகோதா


ரிமினி,
ஜூன் 16

தரையில் நான்கு பள்ளமா?

அது என் அம்மாவின் தையல் இயந்திரம் நின்ற இடம். அந்தக் கம்பியை வளைத்தவள் நான். ஒன்பது வயதில் தலையை விட்டு மாட்டிக்கொண்டேன், மீன்காரர்தான் வளைத்து எடுத்தார்.

நீ எங்கள் வீட்டில் படுத்திருக்கிறாய், யாகோதா. நீ விரட்டியது என் அம்மாவை.

நாங்கள் கூடையை எதற்குத் தொங்கவிடுகிறோம் என்று யாரையாவது கேட்டாயா? ஒருவருக்கு இல்லை என்று தெரிந்தால், முகத்துக்கு நேராகக் கொடுக்கமாட்டோம். கூடையில் போட்டுவிட்டுப் போய்விடுவோம். அதில் இருந்தால் அது வேண்டியவருக்கு. இது இங்கே பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

ரயிலுக்கு ஓடுகிறேன்.


வூச்,
ஜூன் 20

நுன்சியா,

நான்கு நாளாக நீ போனை எடுக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். கீழே ஓடி அசுன்தாவிடம், “அந்தம்மா எங்க? மன்னிப்புக் கேக்கணும்” என்று அழுதேன். “பஸ்ஸுக்கு நேரமாகலியா உனக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

எனக்குத் தெரியாது, நுன்சியா. சத்தியமாகத் தெரியாது. சின்ன வயதிலிருந்து என் கையிலிருந்து எல்லோரும் பிடுங்கித்தான் பார்த்திருக்கிறேன். யாராவது எடுத்தால் திருட்டு என்றுதான் தோன்றுகிறது.

உரிமையாளருக்கு மறுபடி எழுதினேன். தவறு என்னுடையது, அந்த அம்மா எதையும் திருடவில்லை, அது அவருடைய வீடு, வேலையையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். பதில் வந்தது. என் அக்கறைக்கு நன்றியாம். அடுத்த முறை வந்தால் வாடகையில் சலுகையாம். வேறு ஒரு வரி இல்லை.

திட்டியாவது எழுது.

யாகோதா


நாப்போலி,
ஜூலை 1

யாகோதா,

திட்ட எனக்கு நேரமில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா அசுன்தாவின் சரக்கறையில் இருக்கிறாள். ஜன்னல் கிடையாது. மாவு மூட்டைக்கும் எண்ணெய்த் தகரத்துக்கும் நடுவில் கட்டில். போன நவம்பரில் வாடகை வீட்டைக் காலி செய்ய வைத்திருக்கிறார்கள். இயந்திரத்தை விற்றிருக்கிறாள். மூன்று மணி நேரமாவது உள்ளே இருக்கலாம் என்று அதே வீட்டைக் கூட்டும் வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். எனக்குத் தெரிந்தால் ரிமினி வேலையை விட்டுவிடுவேனாம். அதனால் சந்து முழுவதையும் பொய் சொல்ல வைத்திருக்கிறாள்.

நீ யார் என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். பெயர், ஊர், நான் சொன்ன எல்லாம். உன்னிடம் பேசினால் எனக்குத் தெரிந்துவிடும் என்றுதான் ஊமை மாதிரி இருந்தாள்.

“கூடையில அந்தப் பொட்டலத்தப் பாத்ததும் எனக்கு அழுகையா வந்துச்சு நுன்சியா” என்றாள். “பொண்ணு என்னைக் கண்டுபுடிச்சுட்டா. ஆனா வெட்கப்படுத்தக் கூடாதுன்னு சொல்லாம வெச்சிருக்கா. வெளியூர்க்காரிக்கு நம்ம பழக்கம் எப்படித் தெரிஞ்சுதுன்னு நெனச்சேன். நீதான் சொல்லிக் குடுத்திருப்பேன்னு நெனச்சேன்.”

அந்தத் தொத்திறைச்சியைச் சந்தில் யாருக்கும் கொடுக்காமல், வருகிறவர்களிடம் எல்லாம் காட்டிக் காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறாள். அந்தத் தட்டு பாஸ்தா அதற்குப் பதில் செய்தது. அசுன்தாவின் அடுப்பில் வைத்து, மூன்று மாடி ஏறி. “உப்பு தூக்கலா இருந்துச்சோ?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். உன் புகாரை நான் அவளுக்குக் காட்டவில்லை. கால் சரியில்லாததால் ஆளை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது சந்தில் பொய் சொல்வது என் முறை.

அந்தச் சின்னப் பெண் இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. உரிமையாளரின் ஆள் இங்கே விசாரித்துக்கொண்டு வந்தான். “சின்ன வயசா, முட்டி நல்லா இருக்கற ஆளு வேணும்.” அசுன்தா என்னைக் கைகாட்டினாள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். ரிமினியில் என் இடத்துக்கு ஏற்கெனவே ஆள் வந்தாயிற்று. நாளை பத்து மணிக்குச் சாவி கொடுக்கிறார்கள். விருந்தினர் காலி செய்வதற்கும் அடுத்தவர் வருவதற்கும் நடுவில் அம்மாவை மெதுவாக மேலே அழைத்துப்போய் உட்கார வைத்துவிடுவேன்.

ஒப்பந்தத்தில் நான்காவது விதி: வீட்டில் தங்குகிறவர்களோடும் தங்கிப் போனவர்களோடும் வேலையாட்கள் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. இன்று மதியம் அதைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

நுன்சியா எஸ்பொஸீத்தோ,
துப்புரவு, மூன்றாம் மாடி