ஆர்தரின் மூணு பெல்

டிசம்பர் 8
எட்டு மணிக்குக் கிழக்கே மூணு நட்சத்திரமும் ஏறிவிட்டன, ஏணிபோல ஒன்றின் மேல் ஒன்று. பின்னாலேயே ஒரு பெரிய நட்சத்திரம் வரும். அது மேஸ்திரி, ஆள் ஏறினப்புறம்தான் வருவான். இந்தத் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் வானத்தை என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. ஆறாங்கிளாஸ்தான், ஆனால் வெள்ளைக்கார மேனேஜரே என்னிடம் மணி கேட்பான். "அண்ணே, வெள்ளைக்காரன் போனப்புறம்தான் நீ பொறந்தே" என்கிறான் தம்பி ஆர்தர், கட்டிலில் படுத்தபடியே. நெஞ்சு முழுக்கச் சுரங்கத் தூசி, மூக்கில் ஆக்சிஜன் டியூப், வாய் மட்டும் குறையவில்லை.

சுரங்க ஷாஃப்டில் ஆள் ஏறி இறங்கும் கேஜுக்கு மணி அடித்தவன். மூணு பெல் என்றால் ஆள் ஏறுது, மெதுவா இழு. அந்த மூணு நட்சத்திரத்துக்கும் 'மூணு பெல்' என்று பேர் வைத்தவன் அவன்தான். (ஊரில் நான் வைத்ததாகச் சொல்லியிருக்கிறேன்.)

"ஒருவாட்டி பாக்கணும்ணே."
"நாளைக்கே" என்றேன்.

டிசம்பர் 9
அவன் மகள் ஸ்வீட்டி டியூபை அளந்து காட்டினாள். வாசல்வரைகூட எட்டவில்லை. "கழட்டிட்டுத் தூக்கினு போலாம்னு நெனைக்காதீங்க பெரியப்பா." அதைத்தான் நினைத்திருந்தேன். கட்டிலைக் கிழக்கு ஜன்னல் பக்கம் திருப்பினோம். அவள் ஒரு பக்கம், நான் மூணு பக்கம்.

அதற்குள் மேகம்.

டிசம்பர் 12
மேகம்.

டிசம்பர் 13
இன்றும். "தெரியுதா?" என்றான். "பளபளன்னு கீது, உன் கண்ணுதான் மங்கல்" என்றேன். திரும்பிப் படுத்தான். இன்னாத்துக்குச் சொன்னேன் அப்படி?

டிசம்பர் 16
டாக்டர் ஸ்வீட்டியைத் தனியாகக் கூப்பிட்டார். வெளியே வந்து, "கிறிஸ்மஸ் வரைக்கும் கஷ்டமாம் பெரியப்பா" என்றாள். வானம் மூடியே கிடக்கிறது.

டிசம்பர் 17
கிறிஸ்மஸ் ஸ்டாருக்கு வாங்கிய பல்பில் மூன்றை ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டினேன். பத்து எலக்ட்ரீஷியன் சேர்ந்தாலும் இப்படி வராது. சுவிட்சைப் போட்டு, "வந்துட்டாங்கடா" என்றேன்.

ரொம்ப நேரம் பார்த்தான். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான்: "அண்ணே... நடு பல்பு லூசா கீது. திருகு."

சிரித்தான். நானும். அப்புறம் இருமல். போய்த் திருகிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 20
விடியறதுக்கு முன்னாடி போயிட்டான்.

டிசம்பர் 21
நந்திதுர்க் கல்லறையில் வைத்துவிட்டு வந்தோம். ஆயிரம் பேர் என்று எழுத வந்தேன். முப்பது பேர் இருக்கும்.

டிசம்பர் 24
மேகம் விலகிவிட்டது. "பல்பைக் கழட்டிடலாமா பெரியப்பா?" என்றாள் ஸ்வீட்டி. இருக்கட்டும் என்றேன். சுவிட்சை மட்டும் அணைத்தேன். அது எரிந்தால் மேலே சரியாகத் தெரியாது.

வானத்தில் மூன்றும் இருந்தன. நடுவில் இருப்பது ஆடவேயில்லை.