மூன்றாவது வரியில் என் விரல்

ஜனவரி 11

இது நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். நூலகத்துக்கு வெள்ளையடிக்கப் போகிறோம், நான்கு மாதம் பூட்டு என்று நோட்டீஸ் ஒட்டிய அன்றே அக்காவிடம் சொன்னேன்: "பாத்துக்கிட்டே இரு, அங்க உக்காந்து படிக்கிற அந்த மூணும் நம்ம கண்ணாடிக் கடைக்குத்தான் வந்து சேரும்." நான் அப்படி ஒன்றும் சொல்லவே இல்லையாம், தான்தான் மகளுக்காக இடம் கேட்டாளாம் என்கிறாள் அக்கா. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஞாபகம் கொஞ்சம் மட்டு.

வந்தாயிற்று. அக்கா மகள், அதாவது என் மருமகள். கூடவே இரண்டு சிநேகிதர்கள். ஒருவன் வாயைத் திறந்தால் நிறுத்தமாட்டான், அவனுக்கு நான் வைத்த பெயர் கமா. இன்னொருத்தி வாயையே திறக்கமாட்டாள், அவள் புள்ளி. மே மாதம் மூவருக்கும் உயர்கணிதப் பரீட்சை.

மருமகளுக்கு இது இரண்டாம் தடவை. போன வருடம் பாதித் தாளை வெள்ளையாகக் கொடுத்துவிட்டு வந்தாள். தெரியாமல் இல்லை. ஒரு வரி எழுதுவாள், தப்போ என்று அடிப்பாள், மறுபடி எழுதுவாள், மறுபடி அடிப்பாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. பாலம் கட்டுகிற படிப்புக்குப் போகவேண்டும் என்று பத்து வயதிலிருந்து சொல்கிற பெண். பஸ் ஓட்டுகிற அத்தான் தீர்த்துச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் போச்சுன்னா மருந்துக் கடையில வேலைக்குச் சேர்ந்துடு. நானும் எத்தனை நாளைக்குத்தான் பாக்குறது."

நான் எட்டாம் வகுப்பு. அத்தோடு பள்ளிக்கூடம் என்னை இழந்தது.

ஜனவரி 19

இவர்கள் படிக்கிற முறையே தனி. தெரிந்தவன் பேனாவைத் தொடக்கூடாது, வாயால்தான் சொல்லவேண்டும். தெரியாதவள்தான் எழுதவேண்டும். தாள் கட்டுபடியாகவில்லை என்று சுவரில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடிப் பலகைகளில் மார்க்கர் பேனாவால் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். துடைத்தால் போய்விடும் என்று கமா கால் மணி நேரம் விளக்கினான். எனக்கா தெரியாது? ஐந்து மாடிக் கட்டடத்துக்குத் தனியாளாக மூன்றே நாளில் கண்ணாடி போட்டவன் நான்.

பலகையைத் தாங்குசட்டத்தில் நிமிர்த்தி வைத்தால், புள்ளி அதற்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். எழுதுவதெல்லாம் அவளுக்கு இடவலம் மாறித் தெரியும். ஏன் அங்கே போய் நிற்கிறாய் என்று கேட்டேன்.

"பழகின பக்கம் கண்ணு ஓடிடும் மாமா. இந்தப் பக்கம் ஓடாது."

ஒரு வாரத்தில் அவள் பேசியது அவ்வளவுதான்.

பிப்ரவரி 8

மருமகள் இன்று ஒரே கணக்கை ஏழு தடவை எழுதி ஏழு தடவையும் துடைத்தாள். ஆறாவது சரி என்று கமா தலையில் அடித்துக்கொண்டான்.

"சரின்னு உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் அவள்.

"புத்தகத்துல விடை இருக்கே, கடைசிப் பக்கத்துல!"

"பரீட்சையில கடைசிப் பக்கம் தருவாங்களா?"

அவனே வாயடைத்துப் போனான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு வினாடி. வரலாற்றில் பதியவேண்டியது.

மார்ச் 2

இன்று நடந்ததைப் பொன்னெழுத்தில் எழுதவேண்டும். என்னிடம் இருப்பது நீல மை.

பல் மருத்துவர் தன் அறைத் தடுப்புக்கென்று கேட்டிருந்த ஆறு மில்லிமீட்டர் கனப் பலகை, புத்தம் புதிது. அதன் மேல் மருமகள் எழுதிக்கொண்டிருந்தாள். இன்டெக்ரேஷனாம். நான் கண்ணாடி தூக்குகிற கொக்கியை நிமிர்த்தினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு எழுத்து. எழுதி முடித்தாள், விடை புத்தகத்தோடு ஒட்டவில்லை. கமா பேசிப் பார்த்தான், ஒட்டவில்லை. அவள் கையில் துணியை எடுத்துவிட்டாள். கண்ணில் தண்ணீர்.

நான் எழுந்தேன். நேராகப் போனேன். மேலிருந்து கீழே ஒரே பார்வை. மூன்றாவது வரியில் விரலை வைத்தேன். "என்ன இது?" என்றேன், சற்றுக் கடுமையாகவே.

கண்ணாடிக்குப் பின்னால் புள்ளியின் முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் அந்த வாய் பேசாத பெண் கத்தினாள் பாருங்கள்: "ரெண்டு மைனஸ்! ரெண்டு மைனஸ் சேந்தா பிளஸ்! மூணாவது வரில பிளஸ் வரணும்!"

வந்தது. விடையும் ஒட்டியது. கமா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "எப்பிடி மாமா? எட்டாவது படிச்சிட்டு எப்பிடி?"

அந்த மைனஸ் என் கண்ணை உறுத்தியது என்றேன். கண்ணாடியில் மயிரிழை வித்தியாசம் பார்த்துப் பழகிய கண், ஒரு கோடு கூடினாலும் குறைந்தாலும் பட்டென்று காட்டிக்கொடுத்துவிடும் என்றேன். ஏழு மாடிக் கட்டடத்தைப் பற்றியும் சொன்னேன்.

அந்தப் பலகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மருத்துவருக்கு வேறு வெட்டினேன். ஞாபகார்த்தம்.

மார்ச் 6

மருமகள் இப்போது துணியை எடுப்பதில்லை. எழுதி முடித்ததும் என்னைப் போலவே ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, "என்ன இது?" என்று கேட்டுக்கொள்கிறாள். என் குரலிலேயே கேட்கிறாள். கொஞ்சம் மூக்கால். நான் மூக்காலா பேசுகிறேன்?

மார்ச் 15

கமாவின் வாயைத் தைத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருக்கிறான். இன்று கடைக்கு ஐந்து புது ஆட்கள். ஒவ்வொருவர் கையிலும் நோட்டு.

"மாமா, இதுல எங்க தப்புன்னு விரல் வெச்சுக் காட்டுங்க மாமா."

நோட்டில் ஓர் எழுத்தும் புரியவில்லை. ஆனால் முகத்தில் காட்டுவேனா? "நானே காட்டினா நீ எப்ப கத்துக்கிறது? நீ வெய்யி விரலை. பக்கத்துல இருக்கிறவனுக்கு ஒவ்வொரு வரியா சொல்லு" என்றேன்.

வைத்தார்கள், சொன்னார்கள். நான்காவது வரியில் ஒருத்தி "அட!" என்றாள். பத்து நிமிடத்தில் ஐந்து பேரும் ஒருவர் கணக்கை ஒருவர் பார்த்து, சண்டை போட்டு, சரிபண்ணிவிட்டார்கள். போகும்போது எனக்கு நன்றி சொன்னார்கள். பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டேன்.

ஏப்ரல் 4

இப்போது பதினாலு பேர். கடையில் விற்பனைக்கென்று எழுத்தில்லாத கண்ணாடி ஒன்றுகூட இல்லை. முகம் பார்க்கிற கண்ணாடி வாங்க வந்த தையற்கார அம்மா, தன் நெற்றியில் ஒரு சூத்திரத்தோடு தன்னைப் பார்த்துவிட்டு, "அழிக்காதீங்க, பாவம், பிள்ளைங்க படிக்கட்டும்" என்று நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனார்.

ஏப்ரல் 5

வந்தார். அழிக்கவில்லை. நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனார்.

மே 12

நாளைக்குப் பரீட்சை. காலையில் மருமகள் மட்டும் தனியாக வந்தாள். கையில் ஒரு முழுப் பக்கக் கணக்கு.

"மாமா, ஒரே ஒரு தடவை. விரல் வெச்சுச் சொல்லிடுங்க. நீங்க சொல்லிட்டா நாளைக்கு தைரியமா போயிடுவேன்."

நீயே வை என்றேன். மாட்டேன் என்றாள். கமாவைக் கூப்பிடட்டுமா என்றேன். வேண்டாம், நீங்கள்தான் என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி முடியாது என்பது? ஐயோ, எனக்கு என்னடா தெரியும்? கண்ணை மூடிக்கொள்ளாத குறைதான். ஐந்தாவது வரியில் வைத்தேன்.

போய் மூலையில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். நான் ஒரு ஜன்னல் கண்ணாடியை அளவு தப்பாக வெட்டினேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. (இந்த வருடத்தில்.) இந்தப் பிள்ளையைக் கெடுத்துவிட்டேனே, நாளைக்கும் வெள்ளைத்தாள்தானா, அத்தான் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று நாற்காலி பின்னால் விழுந்தது.

"இல்ல மாமா! அஞ்சாவது வரி சரி. எல்லா வரியும் சரி. உங்க விரல்தான் தப்பு!"

"நெசமாவா?"

"நெசமா. யாரு வந்து சொன்னாலும் சரி."

"அப்ப போய்ச் சாப்பிடு" என்றேன். சோதித்துப் பார்த்தேன், தேறிவிட்டாய் என்றும் சொன்னேன். சொல்லத்தானே வேண்டும்.

மே 13

எழுதிவிட்டாள். ஒரு பக்கம்கூட வெள்ளை இல்லை. மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியை, யாரிடமம்மா கேள்வி கேட்கிறாய் என்று இரண்டு தடவை வந்து பார்த்தாராம்.

ஜூலை 9

தேறிவிட்டாள்! பாலம் கட்டுகிற படிப்புக்கு வேண்டியதைவிட ஆறு மதிப்பெண் கூட. கமாவும் தேறினான், புள்ளி மாவட்டத்தில் மூன்றாவது. அத்தான் பஸ்ஸைக் கடை வாசலிலேயே நிறுத்தி ஹாரனை அடித்தார், உள்ளே பயணிகள் கத்தக் கத்த. எல்லாரிடமும் "எம் பொண்ணு, எம் பொண்ணு" என்றார். மருந்துக் கடையைப் பற்றி மூச்சில்லை. பயணிகளுக்கு நான் பதினோரு மாடிக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், பஸ்ஸை எடுத்துவிட்டார்.

ஜூலை 10

அந்த மார்ச் 2 பலகையைக் கடை முகப்பில் மாட்டிவிடலாம் என்று எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். புள்ளி வந்தாள். பின்பக்கம் போய், கண்ணாடியில் விரலால் ஓர் இடத்தைத் தடவினாள்.

"மாமா, இது நான் பண்ணினது. என் கவராயத்தோட முனை பட்டுடுச்சு. அன்னிக்கு நீங்க வந்து விரல் வெச்சதும் கீறலைப் பாத்துட்டீங்கன்னு பயந்துட்டேன். திட்டப் போறீங்க, பேச்சை மாத்தணும்னு அந்த வரியைப் படிச்சேன். படிச்சா, நெசமாவே தப்பு இருந்துச்சு."

ஒரே மூச்சில் இவ்வளவு. கமாவோடு சேர்ந்த தோஷம்.

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

நான் கண்ணாடியைத் துடைத்தேன். நன்றாகத் துடைத்தேன்.

"அவகிட்ட சொல்லணுமா மாமா?"

"விரல் வெச்சுக் கண்டுபிடிக்கிறவதானே. அவளே கண்டுபிடிக்கட்டும்."

"அப்ப அந்தப் பதினோரு மாடி?"

"அது சத்தியம்" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள்.

ஆகவே மார்ச் 2 பக்கத்துக்கு ஒரு திருத்தம். மைனஸ் என் கண்ணை உறுத்தவில்லை. மைனஸ் அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது. புதுப் பலகையில் எவனோ கீறிவிட்டானே என்ற எரிச்சலில்தான் எழுந்து போனேன். விரல் வைத்தது கீறலின் மேல்.