ஒரு சதமும் போடாமல்

போன கிழமை பார்க் மெட்ரோ நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது பக்கத்து இருக்கையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. சீட்டுகளைக் கலைத்து மேசையில் விசிறுகிற சின்னச் சரசரப்பு. திரும்பிப் பார்த்தேன். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த பெண் ஒருத்தி கைபேசியில் போக்கர் ஆடிக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் முகத்தைச் சுளித்து, "போச்சு!" என்றாள்.

"எவ்வளவு போட்டனீர்?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

தமிழைக் கேட்டதும் சிரித்தாள். "அம்பது டாலர் ஆன்ட்டி. இந்த மாசம் இதோட நிறுத்திடணும்."

"ஏன் காசு போடுறீர்? போடாமலே தொடங்கலாமே."

"காசு போடாம யாராவது ஜெயிச்சிருக்காங்களா ஆன்ட்டி?"

ரயில் வந்துவிட்டது. பதில் சொல்ல நேரமில்லை. அந்தப் பதிலைத்தான் உமக்கு எழுதுகிறேன். உமக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீர் போன பிறகு அதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்ததை நடந்தபடி ஒருத்தியாவது எழுதி வைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில்தான் உம்மைச் சந்தித்தேன். இருவருக்கும் ஒரே வயது, ஒரே நோய், பக்கத்துப் பக்கத்து நாற்காலிகள். கையில் ஊசியோடு அரைநாள் அசையாமல் கிடக்க வேண்டும். முதல் நாள் நான் உம்மிடம் ஊர் கேட்கவில்லை. என்ன வேலை என்று கேட்டேன். "ட்ரக் ஓட்டினனான். துறைமுகத்தில இருந்து கொண்டெய்னர் இழுக்கிறது" என்றீர். நான் நம்பவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "பின்பக்கமா எடுத்து விடுறதில என்னை அடிக்க அங்க ஆள் இல்லை" என்று சேர்த்துக்கொண்டீர்.

நோய் வந்ததும் அந்த வேலை போயிற்று. ரொக்ஸ்பரோவில் உம்முடைய அண்ணையின் வீட்டு பேஸ்மென்டில் இருந்தீர். அண்ணை கெட்டவர் இல்லை. மருந்து வாங்கித் தருவார், பனிக்காலத்தில் ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுவந்து விடுவார். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் உமக்கு முன்னாலேயே, "இவளை நான்தான் பாக்கிறன்" என்று சொல்லாமல் விடமாட்டார். "சோறு போடட்டும், நன்றி. அதை மைக் பிடிச்சுச் சொல்லத் தேவையில்லை" என்று என்னிடம் ஒருநாள் பொருமினீர். பார்க் எக்ஸ்டென்ஷனில் சொந்தமாக ஓர் அறை எடுக்க வேண்டும், அதற்கு யாரிடமும் கை நீட்டக் கூடாது. அன்றிலிருந்து உம்முடைய பேச்செல்லாம் அதுவாகத்தான் இருந்தது.

ஒரு கையில் ஊசி. மற்றக் கையால் என்ன வேலை செய்யலாம்? நீர் கண்டுபிடித்தது போக்கர்.

கட்டணமில்லாத போட்டிகள் இணையத்தில் உண்டு. யாரும் சேரலாம், ஆயிரக்கணக்கில் சேருவார்கள். கடைசி வரை தாக்குப்பிடிக்கிற சிலருக்குச் சில்லறை கிடைக்கும். மற்றவர்கள் பொழுதுபோக்காக வந்து கண்டபடி ஆடித் தோற்பார்கள். நீர் வேலைக்குப் போகிறவர் போல அதில் உட்கார்ந்தீர். வாரக்கணக்கில் ஒன்றும் கிடைக்கவில்லை. "இது சூதெல்லோ?" என்று கேட்டேன். "சூதுதான். நூறு பேர் இப்பிடித் தொடங்கினா தொண்ணூறு பேர் துலைப்பினம். ஆனா நான் துலைக்கிறதுக்கு முதல்ல ஏதாவது இருக்க வேணுமே" என்றீர். வீட்டுக் காசு ஒரு சதமும் உள்ளே போகக் கூடாது. அந்த ஒரு கட்டளையை நீர் மீறி நான் பார்த்ததே இல்லை.

முதன்முதலாகக் கிடைத்தது ஒரு டொலர்கூட இல்லை. அதற்கு நீர் தாதியைக் கூப்பிட்டு டப்லெட் திரையைக் காட்டினீர். ஹெயிட்டிக்காரியான அவள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிக் கைதட்டினாள். அந்தச் சில்லறையை வைத்து மிகச் சிறிய மேசைகளில் ஆடினீர். கொஞ்சம் சேர்ந்ததும் ஒரு படி மேலே போவீர். தோற்றால் மறுநாளே ஒரு படி கீழே. ஒருமுறை, பாதிக்கு மேல் போன நாளில், நான் உமக்காகக் கவலைப்பட்டேன். நீரோ சில்லறை மேசைக்குத் திரும்பி, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஆடினீர். "இறங்க வெக்கப்படுறவைதான் மொத்தமாப் போறவை" என்றீர்.

விஷயம் அண்ணையின் காதுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேவாலய மண்டபத்தில் எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் சத்தமாகவே தொடங்கினார். "என்ர வீட்டில இருந்துகொண்டு சூதாடுறாளாம். வெக்கமில்லையோ?"

எல்லாரும் கோப்பைகளைப் பார்த்தார்கள். நீர் அவரைத்தான் பார்த்தீர்.

"அண்ணை, கிழமைக்குக் கிழமை முனைத் தெப்பனேர்க் கடையில லொத்தர்ச் சீட்டு வாங்குறியளே, அதுக்கென்ன பேர்?"

"அது வேற."

"ஓம், வேறதான். நீங்கள் காசு குடுத்து வாங்குறியள். நான் ஒரு சதமும் போடேல்லை."

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அண்ணையின் முகம் சிவந்துவிட்டது. "என்ர வீட்டில இதை வச்சிருக்கேலாது. ஒண்டு விளையாட்டு, இல்லாட்டி வீடு" என்றார். "அறை கிடைச்ச உடன வெளிக்கிடுறன்" என்றீர். குரல் நடுங்கவில்லை. மிச்சத் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கோப்பையை வைத்தீர்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. அதுவரை நீர் தொடாத பெரிய போட்டி ஒன்றில், சின்னப் போட்டியில் வென்ற அனுமதிச் சீட்டோடு நுழைந்திருந்தீர். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை ஆயிரம் பேரில் ஒன்பது பேர்தான் மிச்சம். அப்போது உம்முடைய இரத்த அழுத்தம் விழுந்தது. தாதி ஓடிவந்து நாற்காலியைச் சாய்த்து, கால்களை உயர்த்தினாள். உமது உதடுகள் வெளுத்திருந்தன. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நீர் டப்லெட்டை என் பக்கம் தள்ளினீர்.

"நீர் அமத்தும். நான் சொல்லுறன்."

"விசரோ உமக்கு? பேசாமப் படும்."

"என்ன வந்திருக்கெண்டு மட்டும் சொல்லும்."

உம்முடைய கண்கள் மூடியே இருந்தன. நான் சீட்டுகளைச் சொல்வேன், "விடும்" என்பீர். மறுபடி சொல்வேன், "விடும்". நல்லதாகத் தெரிந்தவற்றைக்கூட ஆடாமல் விடச் சொன்னீர். மற்றவர்கள் ஒவ்வொருவராக மோதி வெளியேறினார்கள். அப்போது இரண்டு ராணிகள் வந்தன.

"முழுக்கப் போடும்."

"முழுக்கவோ?"

"ஓம். இவ்வளவு நேரமும் இதுக்குத்தான் இருந்தனான்."

அமத்தினேன். எதிராளி ஏஸ் ஒன்றும் ராஜா ஒன்றும் காட்டினான். மேசையில் விழுந்த ஐந்து சீட்டிலும் அவனுக்கு உதவி இல்லை. உம்முடைய ராணிகள் வென்றன. நான் கத்திய கத்தில் தாதி மறுபடி ஓடிவந்தாள். கடைசியில் இரண்டாம் இடம். நீர் கண்ணைத் திறந்து, "முதலாவது ஆர்?" என்றுதான் கேட்டீர்.

அந்தப் பணத்தில் பெரும்பகுதியை எடுத்து, பார்க் எக்ஸ்டென்ஷனில் இரண்டாம் மாடியில் அறை எடுத்தீர். படியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டும். "வேற இடம் பாப்பம்" என்றேன். "நிண்டு நிண்டு ஏறுவன். ஏறுறது என்ர வீட்டுக்கு" என்றீர். மிச்சத்தை வைத்துத் தொடர்ந்து சிறிய மேசைகளில் ஆடினீர். சில மாதம் லாபம், சில மாதம் இல்லை. வாடகை ஒருமுறையும் தவறவில்லை. அந்த அறையில் ஒரு பனிக்காலமும் ஒரு கோடையும் இருந்தீர். பிறகு ஒரு காலையில் உம்முடைய இதயம் நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்து அதே மண்டபத்தில் சாப்பாடு. அண்ணை முன்கூட்டியே என்னிடம் வந்து, "தங்கச்சி, அந்தச் சீட்டுக் கதையளை இண்டைக்கு எடுக்க வேண்டாம்" என்றார். பிறகு எழுந்து, பக்தியும் அடக்கமுமாகத் தன் வீட்டு நிழலில் வாழ்ந்த தங்கையைப் பற்றிப் பேசினார். எனக்கு அந்தப் பெண்ணைத் தெரியவில்லை. என் கால்கள் என்னைக் கேட்காமல் எழுந்து நின்றன.

"இவ துறைமுகத்தில ட்ரக் ஓட்டினவ" என்றேன். "ஏலாமல் போன பிறகு, மெஷினில கிடந்துகொண்டு, ஒரு சதமும் போடாமச் சீட்டாடி, தன்ர வாடகையைத் தானே கட்டினவ. ஒருத்தரிட்டையும் கை நீட்டேல்லை. இதைச் சொல்லாட்டி நாங்கள் வேற ஆரையோதான் அடக்கம் செய்திருக்கிறம்."

சில முகங்கள் என்னை மன்னிக்கவில்லை, இன்றும் மன்னிக்கவில்லை. பரவாயில்லை.

வெளியே கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணை வந்தார். சண்டைக்கு ஆயத்தமாக நின்றேன். அவர் கையுறைகளைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"எத்தினை பேருக்குள்ள ரெண்டாவதா வந்தவள்?"

"ஒன்றரை ஆயிரம்."

அவருடைய வாய் கோணியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "சின்னனிலயே தோக்கமாட்டாள்" என்றார். "தாயம் விளையாட இருந்தாளெண்டா நாங்கள் எழும்பிப் போயிடுவம்."

நான் போக்கர் ஆடுவதில்லை. அந்தப் பொறுமை எனக்கு இல்லை. ஆனால் உம்மிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். இருப்பது கொஞ்சம் என்பதற்காக அதை மற்றவர்களுடைய கையில் கொடுத்துவிட வேண்டியதில்லை. நேற்று டொரொண்டோவிலிருந்து என் மகன் தொலைபேசி எடுத்தான். தங்களுடைய வீட்டுக்கு வந்துவிடச் சொல்கிறான். அன்பாகத்தான் சொல்கிறான்.

"மெஷினும் நீங்களுமா அங்க தனிய என்னம்மா செய்யப் போறியள்?"

"வாழப் போறன்" என்றேன்.