டெலிபோன் லைனைக் கெடுத்த கதை

உ

ஆரணி
14.10.2005

அன்பு மகள் துர்காவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், நம் டெலிபோன் ஒன்றுதான் சுகமில்லை. எடின்பரோவில் நீ சுகமாக இருக்கிறாய் என்பதை நேற்றுச் சாயந்திரம் பக்கத்து வீட்டு முனியம்மாள் போனில் நீ சிரித்த சிரிப்பிலேயே தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. முனியம்மாள், அவள் மருமகள், தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்த அவள் வீட்டுக்காரர் என்று மொத்தக் குடும்பமும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றால் எப்படிச் சொல்வது? பூத்துக்குப் போய்ப் பேசினால் ஆரணி முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் கடிதம். கையில் காபி இருந்தால் கீழே வைத்துவிட்டுப் படி.

நேற்று உன் ஆபீஸ் வைத்த சோதனையில் நம் டெலிபோன் லைன் பதினாலு தடவை விழுந்து விழுந்து எழுந்தது, ஆனாலும் உன் புரோகிராம் ஒரு தடவைகூட அறுந்து போகவில்லை என்று சொன்னாய். ஆரணியில் பலமான காற்று போலிருக்கிறது என்று உன் மேலதிகாரி சொன்னாராம், மாதக் கடைசியில் எல்லார் முன்னாலும் நீ வாசிக்கப்போகும் ரிப்போர்ட்டில் அதையே எழுதப்போகிறாயாம். எழுதாதே துர்கா. நேற்று இங்கே முருங்கை இலைகூட அசையவில்லை. அந்தக் காற்று நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். இதில் தப்பு பாதி என்னுடையது, முக்கால் உன் அப்பாவுடையது. அவர் என்னிடம், வியாழக்கிழமை மூன்று மணிக்கு நான் இங்கே உட்கார்ந்துகொண்டு டெலிபோன் லைன் வழியாகவே துர்கா ஆபீஸ் கம்ப்யூட்டரில் சேலை பார்டர் வரையப்போகிறேன், பெரிய ஆபீசர்கள் எல்லாரும் அங்கே பார்ப்பார்கள், சரியாக வந்தால் தை மாதம் முழுக்க அவள் நம் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கலாம், வராவிட்டால் அவளுடைய இரண்டு வருஷ உழைப்பையும் மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள் என்று சொன்னார். இவ்வளவு சொன்ன மனுஷர், லைன் மோசமாக இருக்கிறது என்பதற்காகத்தான் நீ நம் வீட்டைத் தேர்ந்தெடுத்தாய் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவளுக்கு என்ன புரியப்போகிறது என்ற நினைப்பு. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டுக்கு ஒட்டடை அடிக்க மாட்டோமா? புதன்கிழமை லைன்மேன் சின்னதுரையை மடக்கி உட்காரவைத்துக் கேசரி கொடுத்து, ஐந்து இடத்தில் முடிச்சுப் போட்டிருந்த பழைய ஒயரைக் கழற்றிவிட்டுக் கம்பத்திலிருந்து வீடு வரைக்கும் புது ஒயர் போடவைத்தேன். போனை எடுத்துக் காதில் வைத்தால் துளிக் கரகரப்பு இல்லை. எனக்கு ஒரே பெருமை.

நேற்று மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு போடும்போது அதைச் சொன்னேன். ரசம் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. அடிப்பாவி, கெட்ட லைன்தான்டி வேணும், நல்ல லைன்ல எவன் புரோகிராமும்தான் ஓடும் என்று கத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார், அந்த ரசக் கையோடு. அப்போது மணி ஒன்று. தலையைக்கூடக் கழுவாமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி, சேவூர் ரோட்டில் கம்பத்தின் மேல் இருந்த சின்னதுரையை இறக்கிக் கூட்டிவந்தார். இன்னாக்கா பேஜாரு இது, இருவது வருசமா லைன் பாத்துகினு கீறேன், நல்லா ஆக்கிக் குடுத்தத கெடுத்துக் குடுன்னு கேக்குற மொத ஆளு நீங்கதான் என்று அவன் தலையைச் சொறிந்தான். சரி, பழைய ஒயர் எங்கே என்றால், வீணாகப் போகிறதே என்று முனியம்மாளுக்குக் கொடுத்துவிட்டானாம். அவள் பின்கட்டில் அதைக் கொடியாகக் கட்டி, வீட்டுத் துணி முழுவதையும் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். ஜல்தியா கழட்டுடி, எம்பொண்ணு வேல போய்டும் என்று நான் ஈரத் துணியை வாரி அவள் தோளில் போட, இன்னாத்துக்குடி ஒயரு, சீமைக்குக் கொடி கட்டப் போறியா என்று அவள் கேட்டுக்கொண்டே பின்னால் ஓடிவர, ஒருவழியாக மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பழைய ஒயர் பழைய இடத்துக்கு வந்தது.

வந்தும் பிரயோஜனமில்லை. நாலு நாளாக மழை இல்லாததால் முடிச்சுகள் காய்ந்து கிடந்தன, லைன் நல்ல பிள்ளையாக இருந்தது. போதாது போதாது என்று அப்பா ஜன்னல் வழியாகக் கத்துகிறார். முடிச்சுல தண்ணி பட்டா கரகரன்னும்க்கா, ஆனா கையால தொடாதீங்க, கம்பால ஆட்டுங்க என்று சின்னதுரை வழி சொன்னான். குடத்தையும் துணி உலர்த்தும் கம்பையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினேன். முடிச்சில் தண்ணீர் ஊற்றுவேன், கம்பால் ஆட்டுவேன், கை வலித்தால் நிறுத்துவேன். நான் ஆட்டும்போதெல்லாம் திரையில் பார்டரின் ருத்ராட்ச மணி ஒவ்வொன்றாக மெதுவாக வந்ததாம், நிறுத்தினால் மளமளவென்று வந்ததாம், ஆனால் ஒரு மணிகூட விட்டுப்போகவில்லையாம். முடிஞ்சுது, பார்டர் முழுசா வந்துடுச்சு என்று அப்பா கீழேயிருந்து கூவியதும், சந்தோஷத்தில் இன்னும் ஒரு ஆட்டு ஆட்டினேன் பார், ஒயர் அறுந்து தெருவில் விழுந்தது. இதுதான் நம் டெலிபோன் செத்த கதை.

அப்புறம்தான் அப்பா எனக்கு விளக்கமாகச் சொன்னார். சேவூரில் தறிக்கு டிசைன் அட்டையில் ஓட்டை குத்தும் லோகநாதனுக்கு அவர் போனில் டிசைன் படிப்பாரே, இத்தனை ஓட்டை, இத்தனை ஓட்டை என்று எண்களைச் சொல்லிக் கடைசியில் கூட்டுத்தொகை சொல்வாரே, ஒரு எண் கரகரப்பில் போனாலும் லோகநாதன் கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாரே, லைன் நன்றாக இருந்தால் வரிசைக்கு ஒரு கூட்டுத்தொகை, மோசமாக இருந்தால் நாலு எண்ணுக்கு ஒன்று, உன் புரோகிராமும் லைனைப் பார்த்துப் பார்த்து அதைத்தான் செய்கிறதாம். இதற்கா இரண்டு வருஷம் என்று கேட்டேன். சின்ன வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விரல்விட்டுக் கூட்டிக்கொண்டிருந்த பெண்தானே நீ. சிரித்துக்கொண்டே கேட்டேனே தவிர, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இதையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டாம் என்கிறார் அப்பா. யார் கெடுத்தால் என்ன, கெட்ட லைன் கெட்ட லைன்தானே, சொன்னால் மறுபடி சோதனை வைப்பார்கள், தை மாதம் கைவிட்டுப் போய்விடும் என்கிறார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. வருகிற தீபாவளியோடு நீ இல்லாமல் மூன்று தீபாவளி ஆகிறது, உன்னைப் பார்க்க வேண்டும் என்றுதானே அந்த வெயிலில் கம்பு பிடித்தேன். ஆனால் நீ அத்தனை பேர் முன்னால் நின்று அடிக்காத காற்றை அடித்தது என்று வாசிப்பாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடு. மறுபடி சோதனை என்றால் வைக்கட்டும். சின்னதுரை நாளைக்கு வருகிறான், புது ஒயரைத் தொடவே கூடாது, பழைய ஒயரிலேயே ஆறாவது முடிச்சைப் போடு என்று சொல்லி வைத்திருக்கிறேன். குடமும் கம்பும் மாடிப்படியிலேயே இருக்கின்றன.

குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள், தலைக்கு எண்ணெய் வை, வேலை மும்முரத்தில் மத்தியானச் சாப்பாட்டை விடாதே. அந்த அம்மனும் பிள்ளையாரும் உனக்குத் துணையாக இருக்கட்டும், நீ எடுத்ததெல்லாம் ஜெயமாகட்டும். மறந்துவிடாதே, தண்ணீர் ஊற்றியது ஐந்து, ஆட்டியது ஒன்பது, மொத்தம் பதினாலு. தபாலில் நனைந்து ஒரு எண் அழிந்திருந்தாலும் கழித்துப் பார்த்துப் போட்டுக்கொள். ரிப்போர்ட்டில் காற்று என்று எழுதியிருக்கும் இடத்தை அடித்துவிட்டு அம்மா என்று எழுது.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
த. திலகவதி