பன்னிரண்டு மணிக்கு நலம்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே, நம் வீட்டில் ஒன்றும் ஆகவில்லை. உன் போனை விசாரணைக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று ஸ்டேஷன் டிரைவர் சொன்னார். இந்த விலாசமும் அவர் கொடுத்ததுதான். மாற்றல் உத்தரவு வந்த அன்றே ஒரு பெட்டியோடு பஸ் ஏறிவிட்டாயாம். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் வாயில் இருக்கும் முத்து உதிர்ந்திருக்குமா?

இங்கே தையல் மிஷின் இருக்கிறது, நான் இருக்கிறேன், ஆள்தான் வருவதில்லை. கொடுத்த துணியை வெட்டுவதற்கு முன்பே மூன்று பேர் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கேட்டால் "அவசரமில்லக்கா, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார்கள். எனக்குப் புரியாதா? போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரின் அக்கா என்று இத்தனை வருஷம் தெருவில் மிதப்பாக நடந்தவள் நான்தானே.

எதிரே சாவிக்காரர் கடை பூட்டியே கிடக்கிறது. போர்டுக்குப் பதிலாக ஒரு பெரிய தகரச் சாவியைத் தொங்கவிட்டிருப்பாரே, அது காற்றடித்தால் ஷட்டரில் இடித்துக்கொண்டே இருக்கிறது. அவர் உங்கள் ஸ்டேஷனில் செத்து இருபது நாளாகிறது. அவர் மனைவி தண்ணீர்க் குடத்தோடு போகும்போது என் கடைப் பக்கம் திரும்புவதில்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அன்றைக்கு மத்தியானம் நான் போன் பண்ணியபோது "நல்லா இருக்காருக்கா" என்றாயே, நேரில் பார்த்துவிட்டுத்தானே சொன்னாய்? ஆமாம் என்று ஒரு வரி எழுது, போதும்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அக்கா


ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறேன். சொல்லாமல் வந்தது தப்புதான், மன்னித்துக்கொள்.

என்னைப் போட்டிருப்பது, போலீஸ் பிடித்து வைத்த வண்டிகளை நிறுத்தும் கிடங்கில். இருநூற்றுப் பதினான்கு வண்டி, ஒரு நாய், நான். நாய்க்கு என்னைப் பிடிக்கவில்லை. காலையில் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்து நம்பரை எழுத வேண்டும். டயர் மண்ணில் புதைந்த வண்டிகள், எங்கே போய்விடப் போகின்றன? இருந்தாலும் தினம் எழுத வேண்டும்.

தகரக் கூரை போட்ட அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை. ஜன்னலைத் திறந்தால் வண்டிகளின் கிழிந்த சீட்டுகள்தான் தெரியும். பேச்சுத் துணைக்கு ஆளில்லை. நேற்று ஒருவர் வண்டியைக் கேட்டு வந்தார். அவரிடம் இருந்த காகிதம் சரியில்லை, கொடுக்க முடியாது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனாலும் உட்காரவைத்து அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுத்தான் சொன்னேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு. ராத்திரிக்குப் பழைய பிஸ்கட்டோடு முடித்துக்கொள்ளாதே. மற்ற விஷயம் கடிதத்தில் வேண்டாம்.

அன்புடன்,
தம்பி


ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

நான் கேட்டது ஒரு வரி. நீ நாய்க்கு உன்னைப் பிடிக்காததுவரை எழுதிவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டாய். சமர்த்து.

உனக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன். பின் தெருவில் ஒரு வீட்டில் பூட்டு உடையாமல் திருட்டுப் போனது. பூட்டு உடையவில்லை என்றால் சாவிக்காரர் கைவரிசை என்று உங்கள் ஆட்களுக்கு ஒரு கணக்கு. காலை எட்டு மணிக்கு, கடையைத் திறக்கும்போதே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு மணிக்கு அவர் மனைவி என்னிடம் வந்தாள். "அக்கா, உங்க தம்பி அங்கதானே இருக்காரு, ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன். வக்கீலைப் போய்ப் பாக்கலாமான்னு நெனைக்கிறேன்" என்றாள். அவள் கண் முன்னாலேயே உனக்குப் போன் போட்டேன். நீ நல்லா இருக்கார் என்றாய், சாயங்காலம் விட்டுவிடுவார்கள் என்றாய். நான் பெரிய மனுஷியாட்டம், "என் தம்பி சொல்லிட்டான்ல, வக்கீலும் வேணாம் ஒண்ணும் வேணாம், வீட்டுக்குப் போய் வேலையப் பாரு" என்றேன். அவளும் போனாள்.

இப்போது உங்கள் இன்ஸ்பெக்டர் கொடுத்த அறிக்கையில், அவரை ஒன்றரை மணிக்குத்தான் கூட்டி வந்தார்களாம். வந்த உடனே நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரி போகும் வழியில் உயிர் போனதாம். அப்படியானால் பன்னிரண்டு மணிக்கு நீ யாரை நல்லா இருக்கார் என்று சொன்னாய்?

பேக்கரிக்காரரின் வண்டி போன வாரம் காணாமல் போனது. புகார் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். "வண்டி போனா போகட்டும்மா, நான் திரும்பி வரணும்ல" என்றார். சொல்லிவிட்டு, நான் யார் அக்கா என்று ஞாபகம் வந்து, அவசரமாக மீதிச் சில்லறை கொடுத்து அனுப்பிவிட்டார்.

நேற்று அவளே கடைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, படியில் நின்றாள். "உங்க தம்பி பாத்துட்டுத்தானே சொன்னாரு?" என்றாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் மறுபடி கேட்கிறேன்.

அக்கா


ஜூன் 21

அக்கா,

படித்ததும் இதைக் கிழித்துவிடு.

நான் பார்க்கவில்லை.

என் மேஜையிலிருந்து அவரை வைத்திருந்த பின்னறை ஒன்பது எட்டு தூரம்தான். எழுந்து போகவில்லை. காலையில் சத்தம் கேட்டது. ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. சரி, விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

உள்ளே இருக்கும் ஆளை மணிக்கொரு தரம் போய்ப் பார்த்து, எப்படி இருக்கிறார் என்று ஒரு தாளில் எழுத வேண்டும். அது ரைட்டர் வேலை. நான் ஆள் உள்ளே வந்ததுமே மாலை ஆறு மணிவரைக்கும் "நலம்" என்று கீழே கீழே எழுதி முடித்துவிடுவேன். பதினேழு வருஷமாக அப்படித்தான். ஒருநாளும் தப்பானதில்லை. நீ போன் பண்ணியபோது அந்தத் தாள் என் முன்னால் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு நேரே பார்த்தேன். நலம் என்று இருந்தது. உனக்கு அதைத்தான் படித்துச் சொன்னேன்.

இரண்டு மணிக்குக் கான்ஸ்டபிள் வந்து, "ரைட்டர், அந்தாளு எழுந்திருக்க மாட்டேங்கிறாரு" என்றார். அப்போதுதான் போய்ப் பார்த்தேன். நம் வீட்டுக்கு அவர் சாவி போட்டுக் கொடுத்த அன்றைக்கு, பூட்டில் மூன்று தடவை திருகிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அந்த விரல்களை நான் பார்த்தேன் அக்கா. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

இன்ஸ்பெக்டர், "அதைக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா எழுதுய்யா, ஒன்றரைக்கு வந்தான்னு போடு" என்றார். எழுதினேன். பழைய தாளைக் கிழிக்கக் கை வரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

மாஜிஸ்திரேட் விசாரணைக்கு உன்னைக் கூப்பிடுவார்கள். போன் பண்ணவே இல்லை என்று சொல்ல வேண்டாம், அது பதிவில் இருக்கும். சட்டை தைக்க அளவு கேட்டேன் என்று சொல்லிவிடு. அவ்வளவு போதும்.

தம்பி


ஜூன் 28

அன்புள்ள தம்பிக்கு,

நான் கிழிக்கவில்லை. நம் இரண்டு பேருக்குமே கிழிக்கக் கை வராது போலிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உன்னை "நான் இனிமேல் வகுப்பில் பேச மாட்டேன்" என்று நூறு தடவை எழுதச் சொன்னாரே. நீ வரி வரியாக எழுதவில்லை. முதலில் "நான்" என்று மேலிருந்து கீழே நூறு, அப்புறம் "இனிமேல்" நூறு. சீக்கிரம் முடித்துவிட்டு விளையாடப் போனாய். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். என் தம்பி எவ்வளவு கெட்டிக்காரன் என்று போகிற இடமெல்லாம் சொன்னேன். காதைத் திருகியிருக்க வேண்டும்.

உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. என்மேலும்தான். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவள் வக்கீலிடம் போயிருப்பாள். பன்னிரண்டு மணிக்கு அவர் உயிரோடு இருந்திருப்பார் இல்லையா? இரண்டு மணிநேரம் இருந்தது. அதை நினைத்தால் மிஷினில் கால் வைக்க முடியவில்லை.

எனக்குச் சம்மன் வந்துவிட்டது. ஜூலை ஒன்பது, காலை பத்து மணி. சட்டை அளவு கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். உன் அளவு எனக்கு மனப்பாடம். அதை எதற்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும்? நடந்ததை நடந்தபடி சொல்வேன். அதனால் உனக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உனக்குத் தெரியாமல் சொல்லக்கூடாது என்பதற்காக முன்கூட்டியே எழுதுகிறேன்.

அந்தத் தாள் உன்னிடம் இருக்கிறது. அதை என்ன செய்வது என்பது உன் பாடு.

என்றும் உன்
அக்கா


ஜூலை 3

நீ சொன்னால் வேலை போவதோடு நிற்காது. உள்ளே வைப்பார்கள். உள்ளே போகிற போலீஸ்காரனுக்கு என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அம்மா போன பிறகு உனக்கு நான், எனக்கு நீ. வேறு யார் இருக்கிறார்கள்? போனவர் திரும்பி வரப்போகிறாரா?

இனி எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.


ஜூலை 12

அன்புள்ள தம்பிக்கு,

பிரிக்க மாட்டேன் என்றாய். பிரிக்காவிட்டால் போ. எழுதாமல் இருக்க என்னால் ஆகாது.

எட்டாம் தேதி உன் கவர் வந்தது. ஒரு வரியாவது எழுதியிருப்பாய் என்று கவரைக் கிழித்து விரித்துக்கூடப் பார்த்தேன். அந்தத் தாள் மட்டும்தான். நாலாக மடித்து, மடிப்பில் வியர்வைக் கறையோடு. காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை பதினோரு நலம், அச்சடித்த மாதிரி. உன் கையெழுத்தைப் பார்த்துப் பெருமைப்படாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. அதை வைத்துக்கொண்டு அழுதேன். நீ அனுப்பினாயே என்றும் அழுதேன்.

மாஜிஸ்திரேட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாளைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க சொந்தத் தம்பிதானேம்மா? இதைக் குடுத்தா அவருக்கு என்ன ஆகும்னு தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும்ங்க. அவனேதான் அனுப்பியிருக்கான், அதையும் எழுதிக்குங்க" என்றேன். எழுதினார். நான் எழுந்து எட்டிப் பார்த்தேன், நிஜமாகவே எழுதினாரா என்று. எழுதியிருந்தார்.

வெளியே பெஞ்சில் சாவிக்காரர் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள். பத்து நிமிஷம் இருந்துவிட்டு வந்துவிட்டேன். அவளிடம் எதையும் எதிர்பார்த்து நான் சொல்லவில்லை, ஆனாலும் வலித்தது. இப்போதெல்லாம் மத்தியானமே கடையைச் சாத்திவிடுகிறேன்.

பத்தாம் தேதி இன்ஸ்பெக்டரையும் உன்னையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று டிரைவர் சொன்னார். ஜெயில் விலாசத்தையும் அவரிடமே வாங்கினேன். பாவம், நமக்கு விலாசம் கொடுப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது.

நேற்று அங்கே போன் பண்ணினேன். எடுத்தவர், "உங்க தம்பி நல்லா இருக்காரும்மா, கவலப்படாதீங்க" என்றார். "போய்ப் பாத்துட்டு வந்து சொல்றீங்களா? நான் லைன்லயே இருக்கேன்" என்றேன். வைத்துவிட்டார்.

வியாழக்கிழமைதான் பார்க்க விடுவார்களாம். முதல் பஸ்ஸில் வருகிறேன். உனக்கு என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நில். இரண்டு கையையும் காட்டு. பார்த்துவிட்டுத்தான் போவேன்.

அக்கா