ஹம்பேர்க் சதுக்கத்துக் கிளித்தட்டு

குட்மேய்ஸ்
9.9.93

அன்பு மகள் கிரிஜாவுக்கு, இஞ்சை நாங்கள் முருகன் புண்ணியத்திலை இருக்கிறம், அங்கை நீயும் மருமகனும் பேத்தி ரமாவும் நோய்நொடி அண்டாமல் இருக்கவேணும் எண்டு அம்மா கும்பிடுறன். எனக்கு வலக்கை சுளுக்கினபடியால் நான் சொல்லச் சொல்லத் தம்பி எழுதிறான். (அக்கா, சுளுக்கு கைக்குத்தான், வாய்க்கு இல்லை. - நிமலன்)

உன்ரை கடிதம் வாசிச்சதிலை இருந்து எனக்குச் சோறு இறங்கேல்லை பிள்ளை. போன மாதம் அங்கை வந்து நிக்கேக்கை, உங்கடை வீட்டடிச் சதுக்கத்திலை கல்லுப் பதிச்ச கோடுகளைக் கண்டிட்டு, பிள்ளையள் விளையாடக் கீறி விட்டிருக்கிறாங்கள் எண்டல்லோ நினைச்சம். கிளித்தட்டு எண்டு தம்பி கிளியாய் நிண்டு மறிக்க, ரமா கோட்டுக்குக் கோடு ஓட, நான் நடுவிலை துவாயை விரிச்சு இருந்து அவளுக்குப் புட்டுத் தீத்தினன். அது எரிச்சு இடிச்ச யூதக் கோயிலின்ரை கூரைக் கோலத்தை நினைவாய் நிலத்திலை பதிச்சது எண்டு ஆர் கண்டது, நீயும் வேலைக்குப் போட்டாய். ஊரிலை எங்கடை கோயில் செல் குண்டு விழுந்து இடிஞ்சு கிடக்கேக்கை அந்த மண்ணிலை ஆரும் இப்பிடிக் கும்மாளம் அடிச்சிருந்தால் நான் சும்மா விட்டிருப்பனோ. ரமாவைத் தன்ரை பேத்தி மாதிரிப் பாத்த கீழ்வீட்டு ஹன்னா அம்மா அண்டையிலிருந்து கதவே திறக்கிறா இல்லை எண்டு எழுதியிருக்கிறாய். மீன் இறைச்சி மச்சம் படாத சட்டியிலை வடை சுட்டுக்கொண்டு போ. தெரியாமல் செய்தது எண்டு சொல்லு, தெரியாமல் எண்டாலும் பிழைதான் எண்டும் சொல்லு.

(அம்மா கதவு திறக்கப் போட்டா. அண்டைக்கு ஹன்னா அம்மா கிட்ட வந்து மெல்லமாய்த் தங்கடை பாஷையிலை ஒரு வசனம் சொன்னவ. ஏசுறா எண்டு நினைச்சு, இஞ்சை வந்து அவவின்ரை குரலிலையே சொல்லிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைச்சன். ரமாவுக்கு அது விளங்கி உனக்குச் சொல்லியிருக்கிறாள்: "நீ நிக்கிற இடத்திலைதான் என்ரை அப்பா நிண்டு கும்பிடுறவர்." நேற்றும் பாலேந்திரா மாமா, "எங்கையடா, அந்தக் கிழவி மாதிரிச் செய்து காட்டு" எண்டார். தொண்டை நோ எண்டு சொல்லிப்போட்டன்.)

குளிர் தொடங்க முந்தி ரமாவுக்குக் காலுக்குப் போட மேசு வாங்கு. மூண்டு பேரின்ரை தலையிலும் இந்தச் சுளுக்கின கையை வைச்சு வாழ்த்திறன்.

உன் அம்மா,
சிவனேஸ்வரி

(அக்கா, அந்த வசனம் இப்பவும் ஒரு சொல்லுப் பிசகாமல் வாயிலை வருது. மன்னிப்புக் கேக்கிற வசனத்தையும் தமிழ் எழுத்திலை எழுதி அனுப்பு. அதையும் அப்பிடியே பாடமாக்கிக்கொண்டு வாறன்.)